ரசச் சொம்பு உருகிய வெள்ளிக்கிழமை

உலோகங்கள் எளிதில் உருகா. அலோகங்கள் எளிதில் உருகும். இந்த வரியை இரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். எழுதும்போது குரலையும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வேன். அதுவரை என் முன்னால் உருகிய ஒரே பொருள் மெழுகுவர்த்தி. பிள்ளைகள் நாற்பது பேரும் அந்த வரியை ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் பயிற்சி பெறாத ஆசிரியர். 'பக்கத்தில்' என்றால் எட்டு மைல். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று எங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வெளியே போக ஒரே கேட். அங்கே பையைக் கவிழ்த்து, சட்டையைத் தடவி, சைக்கிள் பம்புக்குள்கூட அரிசி இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். இருட்டுவதற்கு முன் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

இந்த வேலிக்குள் நான் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டி வந்திருந்தேன். மலாக்கா டவுனில் அரசாங்க ஆபீஸ் கிளார்க்கின் மகள். கிளேபாங்கில் வீடு, ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. பெண் பார்க்கப் போனபோது, "அலோர் காஜா பக்கம் வேலை" என்று சொன்னேன். அவர்கள் அலோர் காஜா கடைத்தெருவை மனதில் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. கல்யாணமாகி லாரியில் வந்து இறங்கிய அன்று கேட்டில் ஒரு பெண்போலீஸ் அவள் பட்டுச்சேலையைத் தடவி அரிசி தேடினாள். 

நாலு மாதம் ஆயிற்று. ரப்பர் ஷீட்டின் நாற்றம் தலைமுடியில் ஏறிவிட்டது என்றாள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்றாள். ஒரு திங்கட்கிழமை, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா வர்ற ஞாயித்துக்கெழம வராரு. நல்லா இருக்கேன்னும் எழுதல, இல்லேன்னும் எழுதல. வந்து பாத்துட்டு அவரே சொல்லட்டும். வாம்மான்னு கூப்பிட்டா நான் போயிருவேன்."

 அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாலு மாதத்தில் அதை ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை. அலோகங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தேன்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது, அது ரசம். அவள் சீதனமாகக் கொண்டு வந்ததில் பெருமைப்பட்டுக்கொள்ளும் பொருள் ஒரு ஈயச் சொம்பு, வெள்ளீயத்தில் செய்தது. அவள் அம்மா வீட்டுச் சொத்து. வெள்ளி மாதிரி பளபளக்கும், கையில் எடுத்தால் கனக்கும். அதில் ரசம் வைத்தால் மணம் நாலு வீடு தள்ளிப் போகும். மாமனாருக்கு அந்த ரசம் இருந்தால் போதும், குழம்பைத் திரும்பிப் பார்க்க மாட்டார். "ரசம் குடிச்சா அப்பாவுக்குக் கோவமே வராது" என்று அவளே சொல்லியிருக்கிறாள். மூன்று டம்ளர் குடித்துவிட்டு மாமனார் சிரித்துக்கொண்டே தனியாகப் பஸ் ஏறிவிடுவார் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் ரசம் அலுமினியச் சட்டியில் கொதிக்கும். ஈயச் சொம்பை அவள் வந்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். அதற்கு அவள் ஆயிரம் சட்டம் வைத்திருந்தாள். கரண்டியால் சுரண்டக் கூடாது. கீழே போடக் கூடாது. முக்கியமாக, வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. ரசத்தை ஊற்றித்தான் வைக்க வேண்டும்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா சொல்லுவாங்க. வெறுமனே வைக்கக் கூடாது."

போதாதா? வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது, வாசல்படியில் உட்காரக் கூடாது என்கிற பட்டியலோடு இதையும் சேர்த்துவிட்டேன். மூடநம்பிக்கை! அதைப் பற்றி அவளுக்கு அரைமணி நேரம் உபதேசமும் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமையை அடுத்த வியாழன் எனக்குப் பரீட்சை. பயிற்சி இல்லாத ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமை தோறும் மலாக்காவில் நார்மல் வகுப்பு நடக்கும். மூன்றாம் வருடக் கடைசியில் பரீட்சை அதிகாரி நம் வகுப்புக்கே வந்து பின்பெஞ்சில் உட்காருவார். அவர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் டவுன் பள்ளிக்கு மாற்றல் கேட்கலாம். டவுனுக்குப் போனால் அவளுக்குக் கடல் காற்று. நான் எடுத்துக்கொண்ட பாடம் உங்களுக்கே தெரியும்.

கரும்பலகையில் எழுதினால் மட்டும் அதிகாரி அசர மாட்டார், கண்ணுக்கு முன் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. மூளை வேலை செய்தது. ஓர் உலோகப் பாத்திரம், அதற்குள் ஓர் அலோகம், கீழே அடுப்பு. அலோகம் உருகும், கொதிக்கும். பாத்திரம் அப்படியே நிற்கும். ஒரே அடுப்பில் இரண்டு உண்மை! எனக்கு நானே கைதட்டிக்கொள்ளாத குறை. அலோகத்துக்குக் கந்தகம் இருக்கவே இருந்தது. ரப்பர் மரத்து இலையில் பூஞ்சை விழுந்தால் தூவுவதற்குத் தோட்டத்து ஸ்டோரில் மூட்டை மூட்டையாக வைத்திருப்பார்கள். ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டு ஒரு காகிதப் பொட்டலம் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ரேஷன் அரிசி போடுகிற நாள். அவள் தோட்டத்துக் கடைக்குப் போய்விட்டாள். ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பாத்திரத்தைத் தேடினேன். அலுமினியச் சட்டியில் காலைக் குழம்பு மீதி இருந்தது. பித்தளைக் குடத்தில் தண்ணீர். அலமாரியில் துணி சுற்றிப் பளபளவென்று சொம்பு உட்கார்ந்திருந்தது. புத்தகத்தில் உலோகங்களின் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். இரும்பு, செம்பு, வெள்ளீயம், வெள்ளி எல்லாம் ஒரே அளவு எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன. பிறகென்ன சந்தேகம்? அவள் சொன்ன 'வெறுமனே வைக்காதே' ஞாபகத்துக்கு வந்தது. வெறுமனே எங்கே வைக்கிறேன், கந்தகம் போட்டுத்தானே வைக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கரி அடுப்பை மூட்டிச் சொம்பை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தூள் இளகி, விளக்கெண்ணெய் மாதிரி ஆனது. "அலோகம் எளிதில் உருகும்!" என்று காலி அடுப்படிக்குப் பாடம் நடத்தினேன். அடுத்தது கொதிநிலை. விசிறினேன். கந்தகம் கொதிக்கவில்லை. கறுத்துச் சிவந்து, வெல்லப்பாகு போல இறுகியது. இது புத்தகத்தில் இல்லை. ஊதுகுழலை எடுத்துக் கன்னம் உப்ப ஊதினேன். கரி வெள்ளையாகக் கனன்றது.

அப்போது சொம்பு உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நின்றுகொண்டிருந்த பாத்திரம் இடுப்பு மடங்கி, வயிறு சரிந்து, களைத்துப்போன கிழவரைப் போல மெல்ல உட்கார்ந்தது. அடியிலிருந்து வெள்ளிச் சொட்டுகள் கரிமேல் உருண்டன. கந்தகம் மொத்தமும் தணலில் கொட்டி, நீல நிறத்தில் குப்பென்று பற்றிக்கொண்டது. உலோகம் உருகி ஓடிவிட்டது. அலோகம் கடைசிவரை கொதிக்கவே இல்லை. இவை இரண்டுக்கும் கீழே இன்னொரு அலோகமான கரி, உருகாமல் கொதிக்காமல், என்னைப் பார்த்துச் சிவந்துகொண்டு கிடந்தது. நான் எழுதிப் போட்ட வரியை அடுப்பு மொத்தமும் சேர்ந்து பொய்யாக்கியது.

அப்புறம் நாற்றம். மூச்சு முட்டி, கண் எரிந்து, குறட்டால் சொம்பை இழுத்துத் தரையில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் குடியிருந்தார். தமிழர், அவர் மகள் என்னிடம் நாலாம் வகுப்பு. தூங்கிக்கொண்டிருந்தவர் இருமிக்கொண்டே எழுந்து வந்தார். என் வீட்டு ஜன்னலில் நீலப் புகையைப் பார்த்தார். "வெடி வாசன லா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய், தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைப் போட்டு அடித்தார். அந்த மணி அடித்தால் தோட்டத்தைத் தாக்க வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கேட் மூடியது, கடை மூடியது. அரிசிக்கு வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் கடைக்குள்ளேயே குப்புறப் படுத்தார்கள். என் மனைவி இரண்டு மணி நேரம் ரேஷன் மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தாள்.

அந்த இரண்டு மணி நேரம் எனக்குத் தெய்வம் கொடுத்தது. ஆறிய கட்டியைச் சுரண்டி எடுத்துப் பள்ளிக்கூடப் பையின் அடியில் ஒளித்தேன். சொம்பு சுற்றியிருந்த துணியில் ஒரு தேங்காயை வைத்துச் சுற்றி அலமாரியில் ஏற்றினேன். விசாரிக்க வந்தவர்களிடம், மூட்டைப்பூச்சிக்குக் கந்தகப் புகை போட்டேன் என்றேன். உண்மையிலேயே அப்படிப் புகை போடுகிற வழக்கம் உண்டு என்பதால் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

"இந்த வீட்டுக்குன்னு நீங்களா ஒரு வேல செஞ்சிருக்கீங்க. அதிசயம்தான்," என்றாள். அன்று மாலை எனக்கு மட்டும் பஜ்ஜி போட்டுத் தந்தாள். ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.

சனிக்கிழமை நார்மல் வகுப்பு. அதற்கு மட்டம் போட்டுவிட்டு மலாக்காப் பாத்திரக் கடைக்குப் போவதென்று முடிவு செய்தேன். கட்டியை எடைக்குக் கொடுத்து அதே அளவில் புதுச் சொம்பு வாங்கி, மாலையில் தேங்காயை எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. பஸ்ஸுக்குக் கேட்டில் வரிசையில் நின்றேன். முன்னால் அலோர் காஜா சந்தைக்குப் போகும் பெண்கள்.

என் முறை வந்தது. பையைக் கவிழ்த்தார்கள். நோட்டுப் புத்தகம், பேனா, சோப்பு டப்பா எல்லாம் விழுந்தன. கடைசியில் ணங்கென்று ஒரு கட்டி விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு பக்கம் வளையமாக நசுங்கி, பார்க்கவே நல்ல எண்ணம் வராத கட்டி. கேட்டுக்குப் பொறுப்பான மலாய் சார்ஜன் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். அதற்குள் பக்கத்து வீட்டு ஸ்பெஷல் என் சட்டைப்பையைத் தடவி, மிச்சக் கந்தகப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

கந்தகம் வெடிமருந்துக்கு. ஈயம் துப்பாக்கிக் குண்டுக்கு. முதல் நாள் நீலப் புகை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நானே என்னைப் பிடித்துக் கொடுத்திருப்பேன். அந்தக் காலத்தில் இப்படிப் பிடிபட்டால் விசாரணை இல்லாமலே உள்ளே வைத்துவிடலாம்.

"சேகு," என்றார் சார்ஜன். ஆசிரியர்களை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இது என்ன?"

"என் மனைவி ரசம் வைக்கும் பாத்திரம்," என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில்.

சார்ஜன் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் எப்படி ரசம் வைப்பது என்று யோசிப்பது தெரிந்தது.

"பாத்திரமாக இருந்தது. அடுப்பில் வைத்தேன், உருகிவிட்டது."

அப்போது ஸ்பெஷல் மலாயில் குறுக்கிட்டார். "பொய் சொல்றாரு சார்ஜன். உலோகம் சுலபத்துல உருகாதுன்னு எம்மக தெனம் ராத்திரி மனப்பாடம் பண்ணுது. இவருதான் சொல்லிக் கொடுத்தாரு. வீட்டு அடுப்புல எப்பிடி உருகும்? உள்ள பெரிய ஒல வச்சிருக்காரு லா."

 அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு வருடமாக நானே எனக்கு எதிராக நாற்பது சாட்சிகளைத் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

"அந்தப் பாடம் தப்பு!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எல்லா உலோகமும் ஒரே மாதிரி இல்லை. வெள்ளீயம் சீக்கிரம் உருகிவிடும். உங்கள் டீ அடுப்பிலேயே உருக்கிக் காட்டுகிறேன்!"

 சார்ஜனே குந்தி உட்கார்ந்து, காவல்கொட்டகையில் டீ போடும் கரி அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கினார். அவர் மலாக்காக் கடலோரத்து உம்பாய் ஊர்க்காரர், மீன்பிடிக் குடும்பம் என்று அப்போதுதான் தெரிந்தது. வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைச் சின்ன வயதில் வீட்டில் அவர்களே வார்ப்பார்களாம். அது காரீயம், துப்பாக்கிக் குண்டுக்கும் அதுதான். என் கட்டி காரீயமா இல்லையா என்று தெரிந்தால் பாதி விஷயம் தெளிந்துவிடும் என்றார். பால் டின் மூடி ஒன்றில் ஒரு பக்கம் என் கட்டியிலிருந்து வெட்டிய துணுக்கையும், மறுபக்கம் தன் சாவிக்கொத்தில் தொங்கிய வலைக்குண்டையும் வைத்தார். என் துணுக்கு முதலில் சுருண்டு முத்தாக உருண்டது. அவருடைய குண்டு அசையாமல் இருந்தது. இன்னும் நன்றாக விசிறிய பிறகுதான் அதுவும் குழைந்தது. டின் மூடி இரும்புத் தகடு; அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கிள்ளிப் போட்ட கந்தகமோ விசிறும் முன்பே உருகியிருந்தது.

"கெனாப்பா?" என்றார் சார்ஜன்.

ஏன்? இரண்டு வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வியை, இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா? நார்மல் வகுப்பில் யோசிக்காமல் பார்த்து எழுதிய குறிப்புகள் அந்த அடுப்பங்கரையில்தான் எனக்கே புரிய ஆரம்பித்தன.

"எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது," என்றேன், தமிழும் மலாயும் கலந்து; மலாய் வராத இடத்தில் ஸ்பெஷல் மொழிபெயர்த்தார். "உருகுவது என்றால் பிடி தளர்வது. கொதிப்பது என்றால் பிடியை விட்டே பறந்து போவது. பிடி எப்படி என்பதைப் பொறுத்து எவ்வளவு சூடு வேண்டும் என்பது இருக்கிறது."

பெண்களைக் காட்டினேன். "இவர்கள் எட்டெட்டுப் பேராகக் கைகோத்து வட்டம் கட்டிக் கும்மியடிக்கிறார்கள் என்று வையுங்கள். கந்தகம் அப்படி. எட்டுத் துகள் ஒரு வட்டம். வட்டத்துக்குள் பிடி கெட்டி. ஆனால் ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவில் பெரிய உறவு கிடையாது. லேசாகச் சூடு பட்டால் வட்டங்கள் நகர ஆரம்பிக்கும். அதுதான் உருகுவது."

"நாங்க கந்தகமா சார்?" என்றாள் வரிசையில் ஒரு பெண். சிரிப்பு எழுந்தது.

"உலோகத்தில் தனித்தனி வட்டம் இல்லை. ஊர் மொத்தமும் ஒரே தேர்வடத்தைப் பிடித்து நிற்கிற மாதிரி. யாருக்கும் தனி ஜோடி கிடையாது, எல்லோருக்கும் பொதுவான ஒரு பிடி. அதை அசைக்க நிறையச் சூடு வேண்டும். இரும்பு இறுக்கிப் பிடிக்கும், வெள்ளீயம் கொஞ்சம் தளர்வாகப் பிடிக்கும். அதனால் அது சீக்கிரம் உருகும். ஆனால் உருகினாலும் வடத்தை விடாது. அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க இந்தத் தோட்டத்துக் கரி முழுக்கப் போதாது."

"கரி?" என்றார் சார்ஜன், அடுப்பைக் காட்டி. நல்ல மாணவர்!

"உங்கள் வலை மாதிரி. ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சோடு இறுகியிருக்கும். குழுவாகக் கழன்று போக இடமே இல்லை. அது அலோகம்தான், ஆனால் இரும்பையும் தோற்கடிக்கும். எரிந்து போகுமே தவிர உருகாது."

சார்ஜன் தலையாட்டினார். பிறகு, "ரசம் வைக்கும்போது மட்டும் இது ஏன் உருகவில்லை?" என்றார்.

பதில் சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது.  ரசம் என்பது தண்ணீர். தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்து, வருகிற சூட்டையெல்லாம் ஆவியாக வெளியே கொண்டு போய்விடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பால் வெள்ளீயம் உருகும் இருநூற்று முப்பத்திரண்டு டிகிரியை எட்டவே முடியாது. வெறுமனே வைத்தால் எட்டிவிடும். கந்தகத்துக்குக் கொதிநிலை அதைவிட மிக உயரம், அது காப்பாற்றாது. என் மாமியார் சொன்னது மூடநம்பிக்கை இல்லை, உருகுநிலை. அரைமணி நேரம் உபதேசம் செய்தது நான். 

பாடம் நன்றாக இருந்தது, ஆனால் இது சமையல் பாத்திரம்தான் என்பதற்கு என்ன சாட்சி என்றார் சார்ஜன். பாத்திரம் யாருடையதோ அவரே வந்து சொல்லட்டும். இல்லாவிட்டால் அலோர் காஜா ஸ்டேஷனுக்கு லாரி ஏற வேண்டியதுதான். ஸ்பெஷலை அனுப்பினார்.

அப்போது நான் லாரியில் ஏறவே விரும்பினேன் என்றால் நம்புவீர்களா? என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளிடமிருந்துதான் நான் இதை மறைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்தால் நான் தப்பிப்பேன். தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விடுவாள்.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்தாள். வரிசை வழிவிட்டது. சார்ஜன் கட்டியை நீட்டி, இது உன் பாத்திரமா என்று கேட்டார். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"வெறுமனே வச்சீங்களா?" என்றாள் மெதுவாக.

"இல்ல... கந்தகம் போட்டு."

"எதப் போட்டு?"

"கந்தகம்."

"ரசம் வைக்கிற சொம்புல?"

அதற்குப் பிறகு அவள் பேசியதை அச்சில் போட மாட்டார்கள். நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வந்தது. அலோர் காஜா 'பக்கம்', கேட், பட்டுச்சேலை, ரேஷன் மூட்டை, பஜ்ஜி ஒன்று விடாமல் வந்தது. சார்ஜனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் இரண்டடி பின்வாங்கினார். திட்டி முடித்து மூச்சு வாங்கியவள், குனிந்து அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலை அள்ளினாள். கட்டியில் நசுங்கியிருந்த வளையத்தை, அதுதான் சொம்பின் வாய், சேலைத் தலைப்பால் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு போய் வெள்ளை தெரிந்தது. வெள்ளையில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து. பாத்திரம் மாறிப் போகாமல் இருக்க நம் பெண்கள் பெயர் வெட்டி வைப்பார்களே, அது.

"எங்கம்மா பேரு," என்றாள். ஸ்பெஷல் எழுத்துக்கூட்டிப் படித்து, பெண் பெயர்தான் என்றார்.

சார்ஜன் கட்டியை அவள் கையில் கொடுத்தார், கந்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். என்னிடம் குனிந்து, "சேகு, நான் கைது செய்திருந்தால் உனக்கு நல்லதாக இருந்திருக்கும்," என்றார்.

 அன்று மாலை அவள் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பெட்டியிடம்தான் கேட்டேன், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடி மடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாமனார் வந்தார். கேட்டில் அவர் குடையை விரித்து அரிசி தேடியிருக்கிறார்கள், கோபத்தோடுதான் நுழைந்தார். வாசல் ஓரம் இருந்த பெட்டியைப் பார்த்தார். நேராக இலை முன் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரசம் வந்தது, அலுமினியச் சட்டியில். ஒரு வாய் குடித்தார். புருவம் ஏறியது. இலையில் கை நின்றது.

"சொம்பு எங்கம்மா?"

 நான்தான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டேம்பா. புள்ளைங்களுக்குப் பாடம் செஞ்சு காட்டணும்னாரு. நாந்தான் எடுத்துக்குங்கன்னேன்."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு, பெட்டியை நோக்கித் தலையசைத்தார்.

"வரியாம்மா?"

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "வியாழக்கெழம இவருக்குப் பரீட்சப்பா. ஆள் பக்கத்துல இல்லேன்னா இவரு வீட்டையே உருக்கிருவாரு. அப்புறம் பாத்துக்கலாம்."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரசத்தில் மிளகு அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் மிளகும் இல்லை, மணமும் இல்லை, அலுமினியச் சட்டி ரசம் வாயில் வைக்க விளங்கவில்லை. மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.